ஏரிக்கரைக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உகாண்டா எய்ட்ஸை எதிர்கொண்ட விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இருந்த எச்.ஐ.வி. தொற்று, பத்தே ஆண்டில் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியது, அதற்குக் காரணம் ஒழுக்கப் பிரசாரம் என்று முடித்திருந்தீர்கள். எண்களில் தவறில்லை. காரணத்தில்தான் எனக்கு இடிக்கிறது. 2003 முதல் 2013 வரை விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதியவன் நான். கடைசி வரியில் இருக்கும் இருப்பை மட்டும் பார்த்துப் பேரேட்டை மூடிவைக்க எனக்கு மனசு வராது.

தொற்று விகிதம் என்பது ராத்திரி கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்ப்பது மாதிரி. காலையில் எவ்வளவு இருந்தது, பகலில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தெரியாமல் அந்த ஒரு தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புதிதாகத் தொற்று வருவது குறைந்தாலும் இருப்பு குறையும். ஏற்கெனவே தொற்று இருந்தவர்கள் செத்துப்போனாலும் குறையும். உகாண்டாவில் இரண்டும் நடந்தன. உங்கள் கட்டுரை முதலாவதை மட்டும் எழுதியது.

பேரேட்டில் போனவர்கள் கணக்கு எவ்வளவு நீளம் என்பதை ஏரிக்கரையில் இருக்கும் ராக்காய் வட்டாரத்துப் பக்கம் போனால் பார்க்கலாம். 1982வாக்கில் கசென்செரோ என்ற மீனவக் கிராமத்தில்தான் நோய் முதலில் தென்பட்டது. ஆள் இளைத்துக்கொண்டே போய்ச் சாவதால் 'சிலிம்' என்று பெயர். தான்சானிய வியாபாரிகளை ஏமாற்றிய கடத்தல்காரர்களுக்கு அவர்கள் வைத்த சூனியம் என்றுதான் ஊரில் முதலில் நம்பினார்கள். 1985இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அங்கே இறந்தவர்களை வீட்டை ஒட்டிய வாழைத்தோட்டத்திலேயே புதைப்பார்கள். நான் போன வீடு ஒன்றில் வாழைக்கு நடுவே நான்கு சிமென்ட் மேடைகள், திண்ணையில் ஒரு பாட்டி, அவரைச் சுற்றி ஏழு பேரப்பிள்ளைகள். நடுத்தலைமுறை முழுவதும் தோட்டத்தில் இருந்தது.

இதனால் அந்த நாடு செய்ததை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1986இல் ஆட்சிக்கு வந்த முசெவேனி, அதே ஆண்டு ஹராரேயில் நடந்த அணிசேரா மாநாட்டில் காஸ்ட்ரோவிடமிருந்து ஒரு செய்தி கேட்டார்: கியூபாவுக்குப் பயிற்சிக்கு வந்த 60 உகாண்டா வீரர்களில் 18 பேருக்குத் தொற்று. இதை முசெவேனியே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற நாட்டுத் தலைவர்கள் 'எங்கள் நாட்டில் அப்படியெல்லாம் இல்லை' என்று சாதித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் மேடைக்கு மேடை வாய்விட்டுப் பேசினார். அப்போதைய கோஷம் 'ஜீரோ கிரேஸிங்'. மேய்ச்சலுக்கு விடாமல் கட்டுத்தறியிலேயே தீனி போடும் மாடு வளர்ப்புக்கு அந்தப் பெயர். அதாவது, வேலி தாண்டாதே என்பதுதான் சேதி. இரண்டு பெண்டாட்டிக்காரனுக்கும் அது பொருந்தும். இதை ஒழுக்கப் பிரசாரம் என்பதைவிட, ஊர் நடைமுறை தெரிந்து பேசிய பேச்சு என்பேன்.

நோயாளிகளும் பேசினார்கள். புகழ்பெற்ற பாடகர் ஃபிலி லுட்டாயா 1989இல் தனக்கு எய்ட்ஸ் என்று வெளிப்படையாக அறிவித்து, பள்ளிப் பள்ளியாகப் போய்ப் பேசி, அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். நொவரீன் கலேபா கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த 1987இலேயே 'டாஸோ' அமைப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதில் சேர்ந்தவர்களில் பலர் தாங்களே தொற்று உள்ளவர்கள். மருந்தே இல்லாத காலத்தில் வீடு தேடிப் போய்ப் படுக்கை மாற்றினார்கள், பேச்சுத்துணையாக இருந்தார்கள். உங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

ஒழுக்கம் மட்டுமே பேசும் பிரசாரம் பிற்பாடுதான் வந்தது, அமெரிக்கப் பணத்தோடு. 2003இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி தடுப்புக்கான நிதியில் மூன்றில் ஒரு பங்கை, கல்யாணம்வரை விலகியிரு என்ற போதனைக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. 2004 கடைசியில் அரசின் 'எங்காபு' இலவச ஆணுறை தரம் சரியில்லை என்று திரும்பப் பெறப்பட்டது. அப்புறம் பல மாதம் தட்டுப்பாடு. 2004-05 கணக்கெடுப்பில் 6.4 சதவீதமாக இருந்த தொற்று, 2011இல் 7.3 ஆனது.

இங்கேயும் பேரேட்டைப் பார்க்க வேண்டும். 7.3 முழுவதும் தோல்வி இல்லை. 2000ஆவது ஆண்டு ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை, காம்பாலா மருத்துவர் பீட்டர் முகியென்யி காப்புரிமை மிரட்டலைப் பொருட்படுத்தாமல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவிடமிருந்து வரவழைத்தார். 2001இல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாக வேண்டியவர்கள் சாகவில்லை, அதனால் இருப்பு கூடியது. இந்தக் கூடுதலுக்கு யாராவது வருத்தப்படுவார்களா? புதிய தொற்று கூடியதும் அதில் சேர்ந்திருந்தது, அதற்கு வருத்தப்படலாம்.

சரி, நான் வேலை பார்த்த கரைக்கு வருகிறேன். நாட்டுச் சராசரி அங்கே செல்லாது. ராக்காய் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டதைப் பாருங்கள்: விவசாயக் கிராமங்களில் 14 சதவீதம், வியாபார ஊர்களில் 17, மீனவக் குடியிருப்புகளில் 42. ஒரே வட்டாரம், சில மணி நேரப் பயண தூரம்தான்.

விடியுமுன் மீன் இறங்குதளத்தில் நின்று பார்த்தால் காரணம் கொஞ்சம் புரியும். ராத்திரி முழுவதும் தண்ணீரில் இருந்த ஆண்கள் கையில் பணநோட்டோடு இறங்குவார்கள். 'ஏரி இன்றைக்கே விழுங்கிவிடலாம், அந்த நோய்க்குப் பத்து வருஷம் ஆகுமே' என்பார்கள். கரையில் அலுமினியப் பேசினோடு பெண்கள் காத்திருப்பார்கள். மீன் குறைந்த நாளில் யாருக்கு முதலில் கொடுப்பது என்பது காசால் மட்டும் முடிவாகாது. எதிர்க்கரையான கென்யாவில், மீனுக்காக உடலைக் கொடுக்க வேண்டிவரும் இந்த வழக்கத்துக்கு 'ஜபோயா' என்று பெயரே இருக்கிறது. பசித்த பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவளிடம் ஒழுக்கம் பேசி என்ன பயன்?

எங்கள் எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெண், மாத்திரைகளைக் குப்பியிலிருந்து எடுத்துக் காலி நிலக்கடலை டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்வார். குப்பி குலுங்கினால் சத்தம் வரும், சத்தம் கேட்டாலே அக்கம்பக்கத்துக்கு என்ன மருந்து என்று தெரியும். ராத்திரி ஒன்பதுக்கு அவர் செல்போன் மணி அடிக்கும். எனக்குத் தெரிந்து ஒரு வேளை தவறியதில்லை. 2025 பிப்ரவரியில் அவரே அழைத்தார். ஜனவரியில் அமெரிக்க உதவி திடீரென்று நிறுத்தப்பட்டதில், அவர் போகும் மருத்துவ மையத்தில் கதவு பூட்டியிருந்ததாம். "ஸ்ஸேபோ (ஐயா), டப்பாவில் இருபத்தொன்று இருக்கிறது" என்றார். அவரும் கணக்கு எழுதியவர்தானே. பதினெட்டாவது நாள் வேறோர் இடத்தில் மருந்து கிடைத்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் தடுப்பு ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்தார்கள். போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக் கூடத் தொற்று வரவில்லை என்று 2024இல் தெரிந்தது. இந்திய நிறுவனங்கள் இதை 2027 முதல் வருஷத்துக்கு 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவித்திருக்கின்றன. மீன் போகும் திசையில் படகும் குடிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும் கரைக்கு, தினசரி மாத்திரையைவிட இது பொருந்தும்.

அடுத்த முறை உகாண்டாவைப் பற்றி எழுதும்போது சதவீதத்தோடு, அந்த ஆண்டு புதிதாக எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் போடுங்கள். கரையை மட்டும் தனியாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
பாளையங்கோட்டை.