பெருவிரல்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது ஐந்து நாளாக என்னோடு கூடவே திரிகிறது. "மூளையின் இணைப்புகளை எல்லாம் வரைந்தெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் மனிதர் சாகத் தேவையில்லை அப்பா, உடம்பு வெறும் கோதுதான்" என்றாய். பட்டறையில் ஆள் காத்திருந்தார். சரி பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

2009-இல் அம்மாவைப் பறிகொடுத்தபோது உனக்கு 9 வயது. எஞ்சியிருக்கும் ஒருவரையாவது அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேராகவே எழுதுகிறேன்.

உன் பக்கத்துக்கு நீ எடுத்த சாட்சி, செயற்கைக் கால் செய்யும் என்னுடைய தொழிலில் இருந்து வந்தது. கால் போனவர்களுக்கு இல்லாத கால் கடிக்கிறதே, உளைகிறதே, அப்படியென்றால் கால் மூளைக்குள்தானே இருக்கிறது என்று கேட்டாய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவயவம் இழந்தவர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிச்சல் என்ற மருத்துவர் 1871-இலேயே இதை எழுதி, இல்லாத உறுப்பை ஆவியோடு ஒப்பிட்டார். நான் இதை 15 வருடமாகக் காதால் கேட்டு வருகிறேன். ஆனால் நான் கேட்டது நீ சொல்வதற்கு நேர்மாறானது.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர். காடாகக் கிடந்த வயலைத் துப்புரவாக்கும்போது மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காயம் ஆறிய பிறகும் இரவில் தூங்க முடியவில்லை. இல்லாத காலின் பெருவிரல் மடங்கி உள்ளங்காலைக் குத்துகிறது, விரிக்க முடியவில்லை என்று என் முன்னால் இருந்து அழுதார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அவருடைய கால்களுக்கு நடுவே நிறுத்தினோம். வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே விரலை விரியுங்கள் என்றோம். தமிழ்நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் காட்டிய வழி அது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, அவருக்குப் பலித்தது. மூன்றாம் கிழமை, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், மிக மெதுவாக, "விரிகிறது" என்றார்.

அந்த மூளையில் காலின் வரைபடம் முழுதாக இருந்தது, மகளே. அது போதவில்லை. கட்டளை போய்க்கொண்டே இருந்தது, மறுமொழி வரவில்லை. ஒரு காலின் மறுமொழி நின்றதற்கே ஒரு மனிதர் மாதக்கணக்கில் துடித்தார். கை, கால், நெஞ்சு, வயிறு எல்லாம் ஒரேயடியாக மறுமொழி சொல்லாமல் போன மூளை என்ன பாடுபடும்? என்னை நீ அங்கேயா வைத்திருக்க விரும்புகிறாய்?

நீ அனுப்பிய ஈயின் கதையையும் வாசித்தேன். 2024-இல் பழ ஈயின் மூளை முழுவதையும், ஏறக்குறைய 1,39,000 நரம்புக்கலங்களையும் 5 கோடி இணைப்புகளையும் வரைந்து முடித்திருக்கிறார்கள். கணினியில் ஓடிய மாதிரிக்குச் சீனியின் சுவையைக் கொடுத்தபோது, உறிஞ்சு குழலை நீட்டச் செய்யும் கலம் சரியாக விழித்திருக்கிறது. பெரிய சாதனைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மாதிரியில் நீட்டுவதற்குக் குழல் இல்லை, நிறைவதற்கு வயிறும் இல்லை. பசி தீர்ந்தது என்று அந்த மூளைக்கு யார் சொல்வது? நமக்கு அதை இரத்தத்தில் வரும் ஓமோன்களும், வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பும் சொல்கின்றன. அந்த நரம்பின் நார்களில் 5-இல் 4 பங்கு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. எசமான் என்று நீ நினைக்கும் மூளை, பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கணினிக்குள்ளேயே ஓர் உடம்பும் செய்து கொடுப்போம் என்பாய். செய்யுங்கள். வெறும் 302 நரம்புக்கலங்கள் உள்ள புழுவின் வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அதை முழுதாக உயிர்ப்பிக்க முடியவில்லை. அது நெளிவதைக் காட்ட விரும்பியவர்கள் அதன் 95 உடற்சுவர்த் தசைக்கலங்களையும், சுற்றியிருக்கும் நீரையும் சேர்த்தே கணக்கிட வேண்டி வந்தது. உடம்பு கோது என்றால் அதை ஏன் திரும்பவும் கட்ட வேண்டும்?

என்னிடம் தொழில் பழகும் பொடியன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே எஞ்சிய காலுக்கு அச்சு எடுக்கும்போது, பிளாஸ்டர் பண்டேஜ் இறுகுவதற்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாணின் இரு பக்கமும் இரண்டு கைப் பெருவிரல்களாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். நடக்கையில் உடம்பின் பாரத்தைத் தாங்கும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. அழுத்தம் கூடினால் புண், குறைந்தால் கால் உள்ளே இறங்கிவிடும். எவ்வளவு அழுத்துவது என்று அவன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 15 வருடம் செய்த வேலை, வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில் அவனுடைய விரலைக் கீழே வைத்து, என் விரலை மேலே வைத்து அழுத்தினேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தக் கமக்காரர் போன கிழமை வந்திருந்தார். ஜெய்ப்பூரில் 1968-இல் உருவான அந்த இறப்பர் பாதத்தோடுதான், செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிறார். பழைய பாதம் குதிக்கால் பக்கம் தேய்ந்திருந்தது. புதியதை மாட்டி நாலு அடி நடந்துவிட்டு, "பெருவிரல் இப்போது உள்ளே சரியாக இருக்கிறது" என்றார். நான் இறப்பரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆவணியில் வருவதாகச் சொன்னாய். பாலைப்பழம் கிடைத்தால் எடுத்து வைக்கிறேன். வந்ததும் ஒருநாள் பட்டறைக்கு வா, அச்சு எடுக்கிற நாளாகப் பார்த்து. பிளாஸ்டர் சூடேறும்போது உன் விரலை என் விரலுக்குக் கீழே வை.

அன்புடன்,
அப்பா