செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இயங்கிவரும் நம் மன்றத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் ஒன்பது நடைபெற்றன. மூன்று, மழையாலும் சாலையில் மண் சரிந்ததாலும் கைவிடப்பட்டன. பொங்கல் விழாவும் திருவள்ளுவர் நாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. மாணவர் கட்டுரைப் போட்டி ஆகஸ்டில் நடந்தது. உதகையை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர் சல்லிவனுக்குக் கண்ணேரிமுக்கிலுள்ள நினைவகத்துக்கு ஒருநாள் சென்று வந்தோம்.

இனி, சென்ற பொதுக்குழு என் பொறுப்பில் விட்ட ஊர்ப்பெயர்ப் பதிவேடு. இதைக் குறித்துத் தவறான செய்திகள் வெளியில் உலவுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோடர்களின் மந்து, படகர்களின் ஹட்டி, கோத்தர்களின் கோக்கால் என, நீலகிரி மலையில் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் குடியிருப்பின் பெயரே காட்டிவிடும். ஆங்கிலேயர் 'ஊட்டகமண்ட்' என்று எழுதியபோதுகூட அதன் இறுதியில் மந்து நின்றது. உதகமண்டலம் ஆனபோது அது மறைந்தது. நம் ஊருக்கும் இதுவே நேர்ந்தது. கோத்தர் கேரி, அதாவது கோத்தர் தெரு, என்பதே கோத்தகிரி ஆயிற்று என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். மக்கள் குடியிருந்ததைச் சொன்ன சொற்கள் இரண்டும் போய், ஓரிடத்தில் மண்டலமும் மற்றோரிடத்தில் மலையும் வந்து அமர்ந்தன.

ஜூலைக் கூட்டத்தில் நான் படித்த கட்டுரையில், கன்னடத்தின் கேரியும் தமிழின் சேரியும் ஒரே வேரின என்று எழுதியிருந்தேன். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. அங்கே கெம்பு, இங்கே செம்மை. அந்த வரிசையில் வருவதே கேரியும் சேரியும். இதைக் கேட்ட உறுப்பினர்கள் சிலர், நம் ஊர்ப்பெயரோடு சேரி என்ற சொல்லைச் சேர்ப்பது ஊருக்கு இழுக்கு என்று கூறி எழுந்து சென்றார்கள். அவர்கள் அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

அவர்களுக்கு இவ்வறிக்கை வழியாகவே பதில் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூரில் பிராமணர் சபை தேர்தல் முறையைக் கல்லில் வெட்டியபோது, அவ்வூர் முப்பது குடும்புகளாகவும் (தேர்தல் வட்டங்கள்) பன்னிரண்டு சேரிகளாகவும் பிரிந்திருந்தது. அந்தச் சேரிகளில் குடியிருந்தவர்கள் அச்சபையாரே. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி ஆகியவற்றுடன் தீண்டாச்சேரியும் வருகிறது. ஆக, ஒதுக்குதலும் அன்றே இருந்தது, ஆனால் அதைச் சொல்லத் தனியாக ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. பின்னாளில் அடைமொழி உதிர்ந்து, அதன் இழிவு முழுவதும் சேரி என்ற சொல்லின் மேலேயே ஏறிவிட்டது. சொல்லைக் கேட்டதும் நமக்கு உண்டாகும் கூச்சம் மொழியிலிருந்து வந்ததன்று. நாம் மனிதரை நடத்திய முறையிலிருந்து வந்தது. அக்கூச்சத்துக்காகச் சொல்லை நீக்கினால் அவ்வரலாறும் உடன் நீங்கிவிடும் என்பதால், பதிவேட்டில் நம் ஊர்ப்பெயர் பற்றிய பக்கத்தை மாற்ற நான் ஒப்பவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. சூனியக்காரர்கள் என்ற பழியின் பேரில் 1835இல் இம்மலைப் பழங்குடியினரான குறும்பர்கள் பலர் கொல்லப்பட்டதை 1908ஆம் ஆண்டு மாவட்டக் கெசட்டியர் (அரசின் மாவட்ட விவர நூல்) பதிவு செய்திருக்கிறது. இதுபற்றிக் கேட்கச் சென்ற குறும்பர் குடியிருப்பில் ஒரு மூதாட்டி, "செத்தவங்க குறும்பருன்னு எழுதுறீங்க, கொன்னவங்க யாருன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அது என் சோம்பலால் அன்று என்பதைச் செயற்குழு அறியும்.

1930களில் இங்கு வந்த மொழியியலாளர் எமனோ, கோத்தர் கதைகளைப் பெரும்பாலும் சுல்லி என்ற ஒரே கோத்தர் சொல்லக் கேட்டு எழுதினார். அந்தப் பெருந்தொகுப்பு நமக்குக் கிடைத்த செல்வம். ஆயினும் அதில் பெண்களின் குரல் எவ்வளவு குறைவாக இருக்கும் என்பதை எண்ணியே, ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணிடமாவது கேட்டு எழுதுவது என்று விதி வகுத்தோம். இதனால் வேலை இரட்டித்தது. பேருந்தில் சென்று திரும்பிய செலவை நானும் பொருளாளரும் பகிர்ந்துகொண்டோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் வாடகை, அச்சுக்கூலி, தேநீர் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய ஈடாயின. சிறு பற்றாக்குறை முன்பணத்தால் சரிக்கட்டப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தா செலுத்தவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத ஆண்டில் சிறு விவசாயிகளை நெருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாதச் சம்பளம் பெறுவோரும் மூன்றாண்டு நிலுவை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கருத்து மாறுபாட்டால் விலகி நிற்பவர்கள் அதைக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். சந்தாவை நிறுத்தி அல்ல.

கூடத்தை அளித்த பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும், பெயர்களைச் சொல்லித் தந்த எல்லா ஊர்ப் பெரியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டை அச்சிட வேண்டும். கோத்தர், குறும்பர், தோடர் இளைஞர்கள் ஆசிரியர் குழுவில் அமர்ந்து, எதை வெளியிடலாம் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். அது நிறைவேறாவிடில் செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வது முறையாகாது. நிலுவைச் சந்தாவை மே 31க்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறும், ஜூலைக் கூட்டத்தில் எழுந்து சென்ற அன்பர்கள் வரும் மாதக் கூட்டத்துக்குக் கட்டாயம் வருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் நகல் அவர்களுக்காக அலமாரியில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்