சனிக்கிழமை சைக்கிளோடு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று விசாரித்தேன். "சைக்கிள் பஞ்சர் டீச்சர், அப்பா வெளியூர் போயிருக்காங்க" என்றாள். வீட்டிலிருந்து பள்ளி ஆறு கிலோமீட்டர், பஞ்சர் கடை அதையும் தாண்டி. ஒரு கருவேல முள்ளால் நான்கு நாள் பாடம் போய்விட்டது.

அன்று மாலையே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரசு கொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத சைக்கிள்களில் செயின் காய்ந்து துருவேறிக் கிடக்கிறது. ஒன்றில் பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்துபோய் இரும்பு ரிம்மில் உரசுகிறது. அந்தப் பையன் காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறான். மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவன் வருவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் வருகிற சனிக்கிழமை தொடங்கி நான்கு சனிக்கிழமைகள், காலை 9.30 முதல் 12.30 வரை, வேப்பமரத்தடியில் பிள்ளைகள் தங்கள் சைக்கிளைத் தாங்களே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். நம் ஊரில் வெகுகாலமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். எந்த வண்டியிலும் தான் கை வைக்க மாட்டேன், பிள்ளைகள்தான் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

முதலில் நானே உட்கார்ந்து ஒரு பஞ்சர் ஒட்டிப் பார்த்தேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினேன். உடனே பேட்சை வைக்கப் போனால், "பொறுங்க டீச்சர்" என்றார். சொல்யூஷன் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் பேட்சை வைத்து அழுத்த வேண்டுமாம். சரி, ஒட்டியாயிற்று. டியூபை டயருக்குள் திணிக்கப் போகும்போது கேட்டார், "முள்ளை எடுத்தீங்களா?" டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தேன். முள்ளின் நுனி அங்கேயே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடியும் பஞ்சர்.

பிரேக் கட்டை மாற்றுவது, செயின் தொய்வை எடுப்பது, கோட்டம் விழுந்த சக்கரத்தைக் கம்பி முறுக்கி நேராக்குவது எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில். இடதுபக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் சுற்றும். அது ஏன் என்று நம் இயற்பியல் ஆசிரியர் விளக்குவார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். "கிரீஸ் வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 1991-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் வந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையோடு சைக்கிள் ஏறினார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். உங்கள் வீட்டு அப்பத்தாவோ அம்மாச்சியோ அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அன்று அவர்கள் கேட்ட பேச்சை இன்று பேத்திகளும் கேட்க வேண்டுமா? பெண் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள்.

பழைய துணி உடுத்தி அனுப்புங்கள். கிழிந்த டியூப், வேட்டித் துணி இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஸ்பேனர், பம்ப், சொல்யூஷன் பள்ளியிலேயே உண்டு, கட்டணம் எதுவும் கிடையாது. அப்புறம், செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். புழுதி ஒட்டிப் பிசினாகிவிடுகிறது. தையல் மிஷின் ஆயில் சில சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்தால் போதும்.

வீட்டில் பஞ்சரானால் பிள்ளையே ஒட்டட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

சம்மதக் கடிதத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சைக்கிளைக் கழுவித் துடைத்து அனுப்ப வேண்டாம், இருக்கிற நிலையிலேயே வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை