கூலிய மொதல்ல எழுதுங்க மக்களே

மக்களே,

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதுக்குப் பொறவு தூக்கமே வரல, அதான் எழுதுதேன். வேல போன நீங்க ஏழு பேரும் சேந்து ஒரே துணியில பெரிய படம் ஒண்ணு தைக்கப் போறோம்னு சொல்லிட்டு, போன வைக்கப்போற நேரத்துல "இதெல்லாம் வயித்துக்கு ஆவுமா அம்மா"ன்னு கேட்ட. ஆவும். ஆனா கூலிய மொதல்லயே பேசிரணும்.

ஒனக்க பாட்டி லேஸ் பின்னுனது ஞாபகம் இருக்கா? உருட்டுத் தலையணையில குண்டூசியா குத்தி வச்சு, பாபின மாத்தி மாத்திப் போடும்ப டக்கு டக்குன்னு சத்தம் வரும், நீ பக்கத்துல இருந்து அதக் கேட்டுட்டே ஒறங்கிருவ. நாகர்கோவில்ல இந்த வேலய 1820-கள்ல தொடங்கி வச்சது மார்த்தா மால்ட்டுன்னு ஒரு மிஷனரி அம்மா. அடிமையா கெடந்த பெண்பிள்ளைங்க லேஸ் பின்னுன காசக் குடுத்து விடுதல வாங்கியிருக்காவ, அப்படிப்பட்ட வேல இது. ஒனக்க பாட்டி காலத்துல ஏஜெண்டு ஒருத்தன் வந்து மேசைவிரிப்ப எடுத்துட்டுப் போவான், மூணு மாசம் கழிச்சு அவன் தாறதுதான் ரேட்டு. பாட்டிக்குக் கண்ணு மங்குனதுதான் மிச்சம். அது இன்னைக்கும் எனக்கு ஆறல.

நீ படிக்கும்ப சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனியே, அங்க கே.சி.எஸ். பணிக்கரும் மத்த ஓவியரும் மெழுகு பூசிச் சாயம் போடுத பாத்திக் துணி செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி 1966-ல ஊரையே உண்டாக்குனாவன்னு நீதான சொன்ன. அமெரிக்காவுல 1930-கள்ல தொழிலு படுத்து ஆளுகளுக்கு வேல இல்லாம போனப்ப கவர்மெண்டே ஓவியருக்கு வாரச் சம்பளம் குடுத்து ஆஸ்பத்திரி சுவரு, பள்ளிக்கூடத்துச் சுவருன்னு வரைய வச்சதும் நீ சொன்னதுதான். சம்பளம்னு சொன்ன பாரு, அத நான் மனசுல முடிஞ்சு வச்சிருக்கேன். சிலி நாட்டுல 1973-ல ராணுவம் ஆட்சியப் பிடிச்ச பொறவு பெண்ணுங்க சாக்குத் துணியில கந்தல ஒட்டித் தைச்ச ஆர்பியேரா போட்டோவும் அனுப்புனியே. புருசனக் காணல, மொவனக் காணல, வேலயும் இல்ல, அதத்தான் அவ்வளவு கலர்ல தைச்சிருக்காவ. கத்தோலிக்கக் கோயில்காரங்க சேந்து நிண்ணு வெளிநாட்டுல வித்துக் குடுத்ததால அடுப்பு எரிஞ்சிருக்கு.

அந்தப் போட்டோவப் பாத்துத்தான் போன தடைக்காலத்துல நாங்க தொடங்குனோம். ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வர நம்ம மேற்குக் கடல்ல விசைப்படகு போவாதுல்லா, ஒனக்கு நான் சொல்லியா தெரியணும், அந்த ரெண்டு மாசமும் கடையில கடன் கணக்குதான். ஒம்பது பெண்ணுங்க, பழைய சேல, அரிசிச்சாக்கு, கிழிஞ்ச மீன்வலத் துண்டு, இவ்வளவுதான் மொதலு. படத்துல கடலு நடுவுல, சுத்தி அவிய அவிய வீடு. வலய விளிம்புல எப்படி நிறுத்துததுன்னு எங்களுக்குத் தெரியல, முடிச்சு அவுந்து அவுந்து போச்சு. வல பொத்திட்டு இருந்த ஒனக்க அப்பா எந்திச்சு வந்து, பேசாம மரஊசிய எடுத்து முச்சூடும் கெட்டித் தந்தாவ, பின்னால இன்னும் ரெண்டு ஆம்பளைங்க வந்தாவ.

வித்தது 4,500 ரூவாக்கு. அங்கதான் சண்ட வந்திச்சு. நான் அதிகம் தைச்சேன், நீ கொறச்சுத் தைச்சன்னு கிழக்கு வீட்டு சித்தி ரெண்டு நாளு எங்கூட மிண்டவே இல்ல. சித்தி கேட்டது நியாயம், நாங்க கணக்கே எழுதல. ஆளு ஆளா ஒக்காந்து ஞாபகத்துல இருந்து எழுதுனதுல மொத்தம் 90 மணிக்கூர் வந்திச்சு, மணிக்கு 50 ரூவா. அப்பா கெட்டுன நேரத்தையும் சேத்தோம், வேண்டாம்னு சொன்னாவ, நாங்க விடல. இப்ப ரெண்டாவது துணிக்கு ஆணியில ஒரு நோட்டு தொங்குது, வந்த நேரம் போன நேரம் அவிய அவியளே எழுதணும்.

அதனால நீங்களும் ஊசி எடுக்கதுக்கு மின்ன ஒரு நோட்டு வாங்குங்க. நல்லா வரைய தெரிஞ்சவளுக்கு ஒரு ரேட்டு, நூலு கோக்கவளுக்கு ஒரு ரேட்டுன்னு பிரிச்சிராதீங்க, அது நிலைக்காது.

பஸ்ஸுல பார்சல் போட்டிருக்கேன், வலத்துண்டு இருக்கு. நீலக்கலரு ரெம்ப விறைப்பா இருக்கும், சுடுதண்ணில ஒரு ராத்திரி போட்டுட்டு தை. துணிக்குப் பொறத்தால ஏழு பேருக்க பேரயும் தைச்சிரு. செவப்பு நூலுல தைச்சா சாயம் எறங்கும், கருப்பே எடு.

அம்மை