எழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பிரிட்டனின் எரிக் மோர்கம்ப் – எர்னி வைஸ் நகைச்சுவை இணையைப் பற்றி வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், இருவருக்கும் இயல்பாக அமைந்த பொருத்தமே அவர்களுடைய தொலைக்காட்சி வெற்றிக்குக் காரணம் என்று அதில் முடிவு கட்டியிருப்பதை ஏற்க இயலவில்லை. பொருத்தம் மட்டும் போதுமென்றால், சிறு வயது முதலே மேடையில் சேர்ந்து நடித்துவந்த அவர்கள் 1954இல் பிபிசியில் செய்த முதல் தொடரிலேயே வென்றிருக்க வேண்டும். அதுவோ, இவ்விருவரையும் புதைத்த பெட்டிக்குத்தான் தொலைக்காட்சிப் பெட்டி என்று பெயர் என ஒரு விமர்சகர் எழுதும் அளவுக்குத் தோற்றது.

1961 முதல் ஏடிவி என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக டிக் ஹில்ஸும் சிட் கிரீனும் எழுதிய தொடர் அவர்களை நிலைநிறுத்தியது உண்மை. 1968இல் பிபிசிக்குத் திரும்பிய சில மாதங்களில் எரிக்குக்கு மாரடைப்பு வந்தது. எழுத்தாளர்கள் இருவரும் விலகிக்கொண்டனர். அந்த இடத்துக்கு வந்த லிவர்பூல்காரர் எடி பிரேபன், முன்பு சந்தையில் பழம் விற்றவர். மேடைக்கு வெளியே இவ்விருவரிடையே இருந்த வாஞ்சையைக் கண்டுகொண்டு, அதையே பாத்திரங்களாக வார்த்தார். அதுவரை பேச்சை எடுத்துக்கொடுப்பதோடு நின்ற எர்னி, தம்மைப் பெரிய நாடகாசிரியராக எண்ணிக்கொள்ளும் அப்பாவியானார். எரிக்கோ, அவரை ஓயாமல் சீண்டினாலும் பிறரிடம் விட்டுக்கொடுக்காத நண்பரானார். ஒரே கட்டிலில் இருவரும் படுத்துப் பேசும் காட்சிக்கு எரிக் தயங்கியபோது, பழைய திரைப்பட நகைச்சுவை இணையான லாரலும் ஹார்டியும் அப்படிப் படுக்கவில்லையா என்று கேட்டுச் சம்மதிக்க வைத்தவரும் பிரேபன்தான்.

கட்டுரையாளர் வியந்திருக்கும் 1971 கிறிஸ்துமஸ் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பியானோவைத் தாறுமாறாக வாசித்துவிட்டு, இசை நடத்துநர் ஆந்த்ரே பிரெவினிடம் எரிக், தாம் சுரங்களை எல்லாம் சரியாகத்தான் வாசிப்பதாகவும், அவை சரியான வரிசையில் வர வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறார். இதன் மூல வடிவம் ஹில்ஸும் கிரீனும் எழுதியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் உண்மையான இசைமேதை ஒருவரை எதிரில் நிறுத்தியபோதே அது இன்றளவும் பேசப்படும் காட்சியானது.

1977 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். மறு ஆண்டு இருவரும் தேம்ஸ் தொலைக்காட்சிக்கு மாறினர். தொடக்கத்தில் பிரேபன் உடன் செல்லவில்லை. அதே இருவர், அதே பொருத்தம். ஆனாலும் பழைய மெருகு இல்லை என்றே பலரும் கருதினர். பிரேபன் பின்னர்தான் அங்கு வந்து சேர்ந்தார். இத்தனை இருந்தும், முழுப் பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி