ஓட்டுப் போடாமல் உதவிய ஆயாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

எங்கள் தொகுதி மக்களுக்கு வணக்கம்.

2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற நான் இதை எழுதுகிறேன். ஓட்டு எண்ணி முடித்து ஒரு வாரம் ஆகிறது. தோற்றவர்கள் நன்றி மடல் எழுதுவது வழக்கமில்லை, பேசாமல் இரு என்று என் தம்பி சொல்கிறான். ஜெயித்தவர்தான் ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாக வருவார். இந்த முறை கொரோனாவால் வெற்றி ஊர்வலத்துக்கே தேர்தல் ஆணையம் தடை போட்டுவிட்டது. அவராலும் வர முடியவில்லை. சரி, நானாவது சொல்லிவிடுகிறேன்.

முதலில் மார்ச் 19. வேட்புமனுவுக்குக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. அன்று காலையில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. யார் கொடுத்த கையெழுத்தை யார் வந்து திரும்பக் கேட்டார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வீட்டிலும் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்திருந்தால் நானும் இரண்டு தடவை யோசித்திருப்பேன்.

விஷயம் இதுதான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு என் கையில் ஒன்பது பேர்தான். மூன்று மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். டெபாசிட் பத்தாயிரம் தயார், நோட்டரி முத்திரை வாங்கிய பிரமாணப் பத்திரம் தயார், செலவுக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கும் தயார். ஆள் மட்டும் ஒன்று குறைந்தது.

என் தையல் கடையை மூடிவிடலாம் என்று வந்தேன். வாசல்படியில் ஆயா குந்தியிருந்தார். எந்த ஆயா என்று உங்களுக்குத் தெரியும். பெயர் போட்டால் என்னைத் திட்டுவார், அதனால் போடவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் கொக்கி பிய்ந்த ரவிக்கை.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன், அழுதுவிட்டேன்.

"எனுக்குக் கையெழுத்துத் தெரியாதே. கைநாட்டுதான்."

கைநாட்டும் செல்லும் ஆயா, ஆனால் அதைத் தேர்தல் அதிகாரி முன்னால் நேரில் வந்து வைக்க வேண்டும் என்றேன். ஆயாவிடம் கேட்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஆயா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் நம் சட்டமன்ற உறுப்பினருடையது என்பது ஊருக்கே தெரியும்.

ஆயா கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"ஒண்ணு சொல்லிடறேன். ஓட்டு உனுக்குப் போட மாட்டேன். அவருக்குத்தான். எம் புள்ள போனப்போ ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கியாந்து எங்க வாசல்ல எறக்கி வெச்சது அவரு. கட உசுரு இருக்கிற வரைக்கும் அவருக்குத்தான். ஆனா நீ நிக்கணும்ங்கிற. நிக்கறதுக்கு ஒரு கைநாட்டுதானே? வண்டிய எடு."

ஸ்கூட்டரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் ஒரு கையில் என் தோளுமாக வந்தார். தம்பி இன்னொரு வண்டியில். வேட்பாளருடன் இரண்டு பேர்தான் உள்ளே போகலாம் என்று கொரோனா விதி. வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேராக நீட்டியபோது ஆயா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னாத்துக்கு துப்பாக்கி?" போலீஸ்காரப் பெண்ணே சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு கையிலும் சானிடைசர் ஊற்றினார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

உள்ளே வாக்காளர் பட்டியலைப் புரட்டி, பாகம் எண், வரிசை எண், வீட்டுக்காரர் பெயர் எல்லாம் கேட்டுச் சரிபார்த்தார்கள். யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தார்களா என்று அதிகாரி கேட்டார். "என்னய யாரு கட்டாயப்படுத்தறது?" என்று ஆயா திருப்பிக் கேட்டார். மை அட்டையை நகர்த்தினார்கள். ஆயா கட்டை விரலை அழுத்தித் தாளில் வைத்தார். நீலமாக ஒரு தீற்றல். ரேகை என்று ஒன்றுமே இல்லை. சானிடைசர் ஈரம் இன்னும் காயவில்லை.

முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை ஈரம் இல்லை. ஆனாலும் நடுவில் வெறும் நீலம்தான். நாற்பது வருஷம் நாற்று நட்ட விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பது.

மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஊழியர் அம்மா ஒருவர் எழுந்து வந்தார். அவருக்கும் என் நன்றி. ஆயாவின் விரலைத் தன் கையில் வாங்கி, தன் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, மையை லேசாகத் தொட்டு, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டினார், சப்பாத்திக் கட்டையை உருட்டுகிற மாதிரி. விளிம்பில் நாலைந்து கோடுகள் விழுந்தன. அதிகாரி குனிந்து பார்த்து, "போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த நாலைந்து கோடுகளால்தான் வாக்குப்பதிவு இயந்திரத்தில் என் பெயர் ஏறியது.

மனு கொடுத்தவர்கள் விவரத்தை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், முன்மொழிந்தவர் பெயரோடு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதியோர் பணம் நின்றுவிடும் என்று ஆயாவை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் போய் நின்றபோது அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நின்னா பாத்துக்கலாம் போ" என்றார். பணம் நிற்கவில்லை, வழக்கம்போல வந்தது. நம் சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு வந்தபோது, "இன்னா ஆயா, கட்சி மாறிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாராம். "கைநாட்டுதான் வெச்சேன், கட்சி மாறல" என்றாராம் ஆயா. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு. ஐந்து வருஷமாக ரேஷன் கடை விஷயத்தில் அவரோடு எனக்கு இருக்கிற சண்டை அப்படியே இருக்கிறது, அது வேறு.

இந்த "அது வேற" என்ற வார்த்தையை இந்த இரண்டு மாதமாக நான் நிறைய யோசித்துவிட்டேன்.

நம் புதுச்சேரி சின்ன ஊர். 30 தொகுதிக்கும் சேர்த்துப் பத்து லட்சம் வாக்காளர்கள். ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் பேர் வருவார்கள், அவ்வளவுதான். எல்லை தாண்டிக் கடலூருக்குப் போனால் ஒரே தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல். அங்கே எம்.எல்.ஏ.வை டிவியில் பார்ப்பார்கள். இங்கே அவர் நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து பந்தியில் உட்காருவார், சாவுக்கு வந்து பாடையைத் தொடுவார். அதனாலேயே இங்கே அவரை எதிர்த்து நிற்பது கொள்கைக்கு எதிராக நிற்பது மாதிரி இல்லை, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை முறைப்பது மாதிரி ஆகிவிடுகிறது. நான் அரிசி கேட்டுத்தான் நின்றேன். அப்போது அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்டார்கள், ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பணம் வந்த நாளில் வீட்டில் அரிசியாக மாறியதா என்று கேட்டேன். கேட்ட இடத்திலெல்லாம் எனக்கு வந்த பதில், "அவரு நமக்கு என்னம்மா கொற வெச்சாரு?" என்பதுதான். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் ஆயா ஒருவர்தான். செய்நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர்ப் பெண் ஒருத்தி நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும் என்று.

ஏப்ரல் 6 காலை, வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். ஆயா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். கையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வந்திருந்தார். மை வைத்த விரலை என் முன்னால் நீட்டி, "போட்டுட்டேன். உனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

முடிவு வந்த பிறகு பலரும் என்னிடம், ஆயா ரகசியமாக உனக்குத்தான் குத்தியிருப்பார், வெளியில் அப்படிச் சொன்னார் என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் பூத்தில் எனக்கு 38 ஓட்டு. அதில் ஆயா ஓட்டு இல்லை. போட மாட்டேன் என்று சொன்னார், போடவில்லை. எனக்காக அவர் தன் சொல்லைத் தவறவிட்டார் என்று நினைத்தால் அந்தக் கைநாட்டுக்கே மரியாதை இல்லாமல் போய்விடும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். முதலில் கையெழுத்திட்டு, கடைசி வரை பின்வாங்காத அந்த ஒன்பது பேர். துண்டுப்பிரசுரத்தைக் கடனுக்கு அடித்துக் கொடுத்த அச்சகக்காரர். சின்னம் கிடைத்த மறுநாளே வாசல்களில் தையல் மெஷின் கோலம் போட்ட பெண் பிள்ளைகள் (ஒரு கோலம் பார்க்க ஆடு மாதிரி இருந்தது, பரவாயில்லை). பிரசாரத்துக்கு இருந்தது பதினான்கே நாள், அதில் ஒருநாள்கூடக் காசு கேட்காத ஆட்டோ தம்பி. கடலூரிலிருந்து மைக்செட் கொண்டுவந்த என் சின்ன மாமா. சாப்பாடு இல்லாமல் பூத்தில் உட்கார்ந்திருந்த என் ஏஜெண்டுகளுக்குத் தங்கள் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்த மற்ற கட்சி ஏஜெண்டுகள். எண்ணும் இடத்துக்குள் போகக் கொரோனா பரிசோதனைத் தாள் வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொன்னபோது, வரிசையில் நின்ற எங்களை விரட்டாமல் மாதிரி எடுத்த நர்ஸ் அம்மா. எனக்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

டெபாசிட் போய்விட்டது. பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் திரும்பக் கிடைக்கும், நான் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நோட்டாவைத் தாண்டினேன், அதுவரை சந்தோஷம். மே 2 இரவு டிவியில் ஆறு சுயேச்சைகள் ஜெயித்துவிட்டார்கள் என்றும், ஏனாம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ரங்கசாமியையே ஒரு சுயேச்சை 655 ஓட்டில் தோற்கடித்துவிட்டார் என்றும் காட்டியபோது என் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தேர்தலில் நிற்பேனா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. ஆனால் ஒன்று செய்வேன். யாராவது நிற்க ஆசைப்பட்டு ஆள் குறைந்து தவித்தால், எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும், என் கடைக்கு வாருங்கள். எனக்குக் கையெழுத்துத் தெரியும், நேரில் வந்து விரல் உருட்ட வேண்டிய வேலை இல்லை. என்னை எதிர்த்தே நிற்பதாக இருந்தாலும் போடுகிறேன். ஓட்டைப் பற்றி மட்டும் அப்போது கேட்காதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை பாக்கி. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். இந்த 2021 தேர்தலில் 22 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று சட்டம் சொன்னது, எனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் டீக்கடை ரசீது, பெட்ரோல் ரசீது யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் எழுத வேண்டும்.

ஊரடங்கில் கடையைச் சாத்தியிருப்பதால் வீட்டுத் தாழ்வாரத்தில் மெஷினைப் போட்டிருக்கிறேன். ஆயாவின் மஞ்சள் பை அன்றைய அவசரத்தில் என் ஸ்கூட்டர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நேற்றுத்தான் அந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்து, கிழிந்திருந்த அக்குளையும் ஒட்டுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இருபது ரூபாய் எடுத்து நீட்டினார். வேண்டாம் ஆயா என்றேன். "கைநாட்டு வேற, கூலி வேற, புடி" என்றார்.

வாங்கிக்கொண்டேன். அதைத் தேர்தல் கணக்கில் சேர்க்கவில்லை. கடை நோட்டில் எழுதியிருக்கிறேன்.