வாடகை வீட்டின் மாற்றுச் சாவி யார் பொறுப்பில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நத்தம் சாலையிலும் அழகர்கோவில் சாலையிலும் எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குடிநீர், கழிவுநீர், வாகன நிறுத்தச் சிக்கல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவ்வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களின் கதவைக் குடியிருப்போர் சங்கம் எப்போது, யாரைக் கேட்டுத் திறக்கலாம் என்ற கேள்வியும் பொதுவெளிக்கு வர வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்று கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் கசிகிறது என்று புகார் வர, சங்கச் செயலாளரும் பிளம்பரும் காவலாளியும் எங்கள் வீட்டை மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே சென்றிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு ஏதும் வரவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் குளியலறையின் படம் வந்த பிறகே செய்தி தெரிந்தது. தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றிய வெள்ளை சிமெண்ட் பெயர்ந்திருப்பதைக் காட்டத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதே படத்தில் கொடிக்கம்பியில் காயும் என் மகளின் உடைகளும், அலமாரித் தட்டில் என் தாயாரின் மருந்துப் பெட்டியும் தெளிவாகத் தெரிந்தன. கட்டடத்தின் எல்லா வீட்டு உரிமையாளர்களும், வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்பட, உறுப்பினர்களாக உள்ள குழு அது. பழுது உண்மையானது என்பதையும், அதைச் சரிசெய்யும் செலவை எங்கள் வீட்டு உரிமையாளர் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

விசாரித்தபோது, எல்லா ஃப்ளாட்டுகளின் மாற்றுச் சாவிகளும் காவலாளி அறையில் ஒரு பிளைவுட் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருப்பதைக் கண்டேன். திருமண அழைப்பிதழ் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கதவு எண்ணைப் பேனாவால் எழுதி, ஒவ்வொரு சாவியிலும் கட்டியிருக்கிறார்கள். எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று திருடனுக்குக்கூடச் சிரமம் வைக்காத ஏற்பாடு. ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் காவலாளிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். சாவியை எடுத்தவர் யார், திரும்ப வைத்தது எப்போது என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட அங்கு இல்லை.

"வீடு ஓனருடையது, சாவி கொடுத்ததும் அவர்தான், நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள்?" என்பது செயலாளர் தந்த பதில். மதுரையில் பலரும் இதை நியாயமான பதிலென்றே நம்புகிறார்கள். சட்டமோ வேறு விதமாகச் சொல்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பழுதுபார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்வையிடவோ விரும்பும் உரிமையாளரும், அவருடைய சார்பில் சொத்தைப் பராமரிக்கும் மேலாளரும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் காரணத்தையும் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு வாடகைதாரருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், வாடகைக்கு விட்ட காலம் முழுவதும் வீட்டின் அனுபோகம் குடியிருப்பவரிடம் இருக்கிறது என்ற அடிப்படையில் எழுந்த விதி இது.

சங்கத்துக்கு நுழையும் உரிமையே கிடையாது என்று நான் வாதிடவில்லை. மாடிக்கு மாடி ஒரே குழாய் இறங்கும் கட்டடத்தில் ஒருவர் வீட்டுப் பழுது அடுத்தவர் வீட்டுக் கூரையில்தான் தெரியும். 1970-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்குமாடி உடைமைச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமும், கட்டடத்தின் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கவும் பிற வீடுகளுக்குச் சேதம் நேராமல் அவசரப் பழுது நீக்கவும், தகுந்த நேரங்களில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் செல்லும் உரிமையைச் சங்கத்துக்கு வெளிப்படையாகவே தந்துள்ளன. ஆனால் அந்த உரிமை எந்த வேலைக்குத் தரப்பட்டதோ அந்த வேலையோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்குள் சங்கம் உரிமையாளரின் சார்பில் வந்தது என்றால், அவரைக் கட்டுப்படுத்தும் 24 மணி நேர அறிவிப்பு சங்கத்தையும் கட்டுப்படுத்தும். தன் சொந்த உரிமையில் வந்தது என்றால், அவசரமா பராமரிப்பா என்று அது சொல்லியாக வேண்டும், பராமரிப்பு என்றால் தகுந்த நேரமும் முன்தகவலும் வேண்டும். சொட்டுச் சொட்டான ஈரக்கசிவு மறுநாள் வரை பொறுக்கக்கூடியது. எரிவாயு வாடை வந்தாலோ குழாய் வெடித்துத் தண்ணீர் பெருகினாலோ பூட்டை உடைத்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். எப்படிப் பார்த்தாலும், குடும்பத்தின் குளியலறையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதற்கு இடமே இல்லை.

காவல் நிலையத்துக்குப் போகலாமே என்றார்கள் நண்பர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் அத்துமீறி வீட்டில் நுழைதல் குற்றம்தான். எனினும் குற்றம் செய்யும் நோக்கமோ, மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைதரவோ வேண்டும் என்ற நோக்கமோ இருந்ததைக் காட்ட வேண்டும். பிளம்பரோடு வந்த செயலாளரிடம் அப்படி ஒரு நோக்கம் இருந்தது என்று நானே நம்பவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது பெரிய பலம். ஆயினும் அடுக்குமாடிக் காவலாளி அறையில் தொங்கும் சாவிக்காக உயர் நீதிமன்றக் கிளை வரை போக யாரால் முடியும்? 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியை அணுகலாம். அதற்கு ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். நம்மூரிலோ பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, பீரோவில் வைத்துவிடுகிறோம். உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் வீட்டைப் பார்வையிடலாம் என்று ஒரு வரி அதில் இருந்தாலும் படித்துப் பார்ப்பதில்லை.

மதுரையின் பழைய வளவுகளில் ஒரே குழாயடியை எத்தனையோ குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. சுவர்கள் மெல்லியவை, ரகசியம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அங்கேகூட வீட்டுக்காரம்மா நிலைப்படிக்கு வெளியே நின்று, "ஏம்மா, உள்ளே வரலாமா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். மேலூர் சாலை மருத்துவமனைகளில் இரவுப் பணி முடித்துப் பகலில் தனியே உறங்கும் செவிலியர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கதவும் அதே பலகைச் சாவியால் திறக்கக்கூடியதுதான்.

வாடகைதாரர் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தினாலும் பொதுக்குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. ஆகவே இந்த விதிகள் நாங்கள் இல்லாத அறையில்தான் எழுதப்படுகின்றன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. துணைவிதிகளைத் திருத்தும் சங்கங்கள், வீட்டுக்குள் நுழையும் முறையையும் அதே மூச்சில் எழுதிவிடலாம். மாற்றுச் சாவி வாடகைதாரர் கையெழுத்திட்டு ஒட்டிய உறையில், செயலாளரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உறையைப் பிரித்தால் பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுதி, அப்போதே தொலைபேசியில் தெரிவிக்கட்டும். குடியிருப்பவரோ அவர் அனுப்பும் ஒருவரோ உடனிருக்கட்டும். பழுதைப் படம் எடுப்பது அவசியமானால் அது குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும் மட்டும் செல்லட்டும். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை.

இவற்றை எழுதி எங்கள் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு வாக்கு இல்லாததால், கோவையில் இருக்கும் எங்கள் வீட்டு உரிமையாளர் அடுத்த பொதுக்குழுவில் இவற்றை முன்மொழிய இசைந்திருக்கிறார். பிற குடியிருப்புகளில் இதைவிட நல்ல ஏற்பாடு ஏதேனும் இருந்தால், வாசகர்கள் இந்தக் கடிதப் பகுதிக்கு எழுதினால் கூட்டத்துக்கு முன் அவருக்குத் தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
வாடகைதாரர் ஒருவர்,
நாராயணபுரம், மதுரை.